ஒரு மணி நேரம் முந்திய நிழல்

மோரேயில் நிழல்கள் ஒரு மணி நேரம் முந்தி விழத் தொடங்கியது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவருக்கு வேலை இருந்தது.

ஊரை முதலில் சொல்லிவிட வேண்டும். இம்பாலிலிருந்து தென்கிழக்கே நூற்றுப்பத்து கிலோமீட்டர் மலையில் ஏறி, தெங்னோபாலில் மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்து, குடலைப் பிடுங்கும் வளைவுகளில் இறங்கினால், மலை சட்டென்று தீர்ந்துபோகிற இடத்தில் மோரே இருக்கிறது. அதற்கப்பால் தரை தட்டையாகி, தேக்கும் மூங்கிலுமாக, பர்மா. நடுவில் ஓர் ஓடை. கோடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். ஓடையின் அந்தக் கரையில் சந்தை, இந்தக் கரையில் கேட். கேட் இங்கே ஏழு மணிக்குத் திறக்கும்போது அங்கே மணி எட்டு, ஏனென்றால் பர்மாக் கடிகாரம் எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நாலு எட்டு வைத்து ஓடையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் காணாமல் போகும், மாலையில் திரும்பி வந்தால் கிடைத்துவிடும். போகிறவன் அடையாள அட்டையைக் கொடுத்து ஒருநாள் பாஸ் வாங்கிக்கொண்டு போவான், நாலு மணிக்குள் திரும்புவான். இதில் மோரேக்காரர்களுக்குக் குழப்பமே வந்ததில்லை.

குக்கி, மெய்தேய், நேபாளி, பஞ்சாபி, முஸ்லிம், தமிழர் என்று எல்லாரும் உண்டு. ஒருவரையொருவர் பிடிக்காது. பிடிக்காமலே அடுத்தடுத்துக் கடை போட்டிருந்தார்கள்.

தமிழன் அங்கே எப்படி வந்தான் என்றால், அந்த வழி எப்போதும் மனிதர்கள் துரத்தப்பட்டு நடந்த வழி. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து கிளம்பியவர்கள் அதில் மேற்கே நடந்தார்கள், பாதிப் பேர் வழியிலேயே செத்தார்கள். அவர்கள் பின்னாலேயே ஜப்பான்காரன் வந்தான், பிறகு அவனும் பசியோடு அதே வழியில் திரும்பி ஓடினான். அறுபத்துநாலில் பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு தமிழனைக் கப்பலேற்றி மெட்ராசுக்கு அனுப்ப, மெட்ராசில் முகாம் கொட்டகை ஒழுக, சோறும் பேச்சும் ஒத்துவராத சிலர், நம்ம ஊர் பர்மாதானப்பா என்று ரயிலிலும் லாரியிலும் காலிலுமாக இந்த மலையைத் தாண்டி ஓடைக்கரைக்கு வந்து நின்றபோது, பர்மாச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். முன்னால் துப்பாக்கி. பின்னால் மலை. உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் தெரு வந்தது, அம்மன் கோயில் வந்தது, வருஷா வருஷம் பூக்குழி வந்தது.

முதலில் உட்கார்ந்தது யார் என்பதில் சண்டை வந்தது. முதலில் உட்கார்ந்தவனுக்குத்தான் கோயிலில் முதல் மரியாதை.

நான்தான் என்றான் உடையப்பன். நான்தான் என்றான் சோணையா. அன்றைக்கு இருவருக்கும் இருபது வயது. ஐம்பத்திரண்டு வருஷமாக இதே பேச்சு. ஊர் அலுத்துப்போய், குழி வெட்டி நெருப்பு வைக்கும் உரிமையை உடையப்பனுக்கும் மாலையைச் சோணையாவுக்கும் கொடுத்துப் பார்த்தது. அதிலும் சண்டை ஓயவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உடையப்பன் சாப்பிட்டுக்கொண்டே சோணையாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவன் பெண்டாட்டி ஏத்தின், குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீங்களும் அவரும் ஒரே அச்சு" என்றாள். உடையப்பன் கையைக் கழுவினான். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான்.

வீட்டில் பேசாமல் இருக்க முடியாது. அதனால் அவன் சுவரிடம் பேசினான். அவள் அடுப்பிடம் பேசினாள்.

ஏத்தின் ஓடைக்கு அந்தப் பக்கம் தாமுவில் பிறந்தவள். அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஊர் முணுமுணுத்தது. அவளிடம் இருந்தது ஒரு ரேஷன் கார்டு மட்டும். அந்தப் பக்கம் அவளுக்கென்று இப்போது யாருமில்லை; அண்ணன் செத்துவிட்டான், வீடு எரிந்துவிட்டது.

இனி நிழல்.

முதலில் கண்டவன் ஒரு நேபாளிப் பால்காரன். காலை வெயிலில் எருமையின் நிழல் நீளமாக மேற்கே கிடந்தது, அவன் நிழல் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பியிருந்தது. எருமையைத் திட்டினான். மறுநாள் ஒரு குக்கிப் பாதிரியாருக்கு அப்படி. அடுத்த நாள் அரிசிக்கடை மெய்தேய் அண்ணன் தம்பிகளில் அண்ணனுக்கு மட்டும். பிறகு ஒரு பஞ்சாபிக்கு, இரண்டு தமிழ்ப் பெண்களுக்கு, கறிக்கடைக்காரருக்கு. உச்சி வேளையில் மற்றவர் நிழல் காலடியில் சுருண்டு கிடக்க, இவர்கள் நிழல் சாப்பாடு முடித்த மாதிரி கிழக்கே சாய்ந்துவிட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் சரியாக ஒரு மணி நேரம். நிழல் பர்மா நேரத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான் என்று ஊர் முடிவுகட்டியது. ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. யாருக்கு என்றுதான் கேட்டார்கள்.

அதிலும் ஒழுங்கு கிடையாது. புருஷனுக்கு இருந்தால் பெண்டாட்டிக்கு இல்லை. போதாததற்குப் பொருள்களும் சேர்ந்துகொண்டன. ஓடை தாண்டி வந்த தேக்குக் கட்டில், தேக்குத் தூண், தேக்குக் கதவு எல்லாம் பர்மா நேரத்தில் நிழல் போட்டன. பாதி ஊர் தேக்கில் கட்டியது. சோதனைச் சாவடிக்காரர்கள் லாரியைப் பிரித்துப் பார்ப்பதை விட்டு, சரக்கை வெயிலில் இறக்கி வைக்கச் சொல்லி நிழலைப் பார்த்தே பிடித்தார்கள். நிழலை மறைக்கலாம் என்று ஆளுக்கொரு குடை வாங்கினார்கள். குடையும் அந்தப் பக்கச் சரக்கு. அதன் நிழல் ஒரு மணி நேரம் தள்ளி விழுந்தது, பிடித்தவன் வெயிலில் காய்ந்தான்.

ஸ்டுடியோ வைத்திருந்த இபோம்சா, குடும்பப் படம் எடுப்பதில்லை என்று பலகை மாட்டினான். சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணை முற்றத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். ஜனங்கள் சேர்ந்து நடப்பதை விட்டார்கள். ஒருவன் தனியாக நின்றால் அவன் நிழல் எந்த ஊர் நேரம் என்று எவனாலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்றால்தான் குட்டு உடையும். எனவே மோரேயில் எல்லாரும் எல்லாரிடமிருந்தும் பத்தடி தள்ளி நடந்தார்கள், அடுத்தவன் எப்போது எவன் பக்கத்தில் நிற்பான் என்று பார்த்துக்கொண்டே.

உடையப்பனுக்கு இது புதிதல்ல. அவன் பக்கத்தில் முன்னாலும் யாரும் நின்றதில்லை. கோபக்காரன். கோயிலுக்குப் போனால் ஏத்தின்கூட இருபதடி பின்னால்தான் வருவாள். ஆனால் அவன் மற்றவர்களைப் பார்த்தான். முக்கியமாகச் சோணையாவை. சோணையா மருமகனோடு நின்றாலும், பூசாரியோடு நின்றாலும், ரேஷன் வரிசையில் நின்றாலும் இரண்டு நிழலும் கத்தரிக்கோல் போல விரிந்திருந்தன. "அவன்தான்" என்று உடையப்பன் சுவரிடம் சொன்னான். "பர்மாக்காரன். எனக்கு அப்பவே தெரியும்."

"அவரவர் நிழலை அவரவர் பாத்துக்கிட்டாப் போதும்" என்றாள் ஏத்தின் அடுப்பிடம்.

அந்த வருஷப் பூக்குழியில் ஒரு சங்கதி நடந்தது. குழி வெட்டுகிறவன் குழியின் தலைமாட்டில் நிற்பான். அவன் நிழல் காலடிக்குள் வந்ததும் விறகுக்கு நெருப்பு வைப்பார்கள். பக்தர்கள் ஓடையில் முழுகி ஊர்வலமாக வந்து சேரும்போது கங்கு பதமாக இருக்கும். அந்த வருஷம் வந்து சேர்ந்தபோது கங்கு சாம்பல் பூத்து ஆறிக் கிடந்தது. சிறுசுகள் அதில் நின்று பேசிக்கொண்டே நடந்தன. ஒருவருக்கும் கால் சுடவில்லை. அம்மன் கருணை என்றார்கள். விறகு சரியில்லை என்றான் உடையப்பன்.

சித்திரை பிறந்ததும் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சரிபார்ப்பு அதிகாரி. வெகு தூரத்து ஊர்க்காரர், இந்தி பேசுகிறவர். யாருடைய நிழல் பர்மா நேரத்தில் விழுகிறதோ அவர் பர்மாக்காரர், அவரைக் கேட்டுக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும், திரும்ப வரப் பாஸ் கிடையாது என்று அறிவித்தார். ஊர் அதை வரவேற்றது. ஒவ்வொருவனும் தனக்குப் பிடிக்காதவன் போய்விடுவான் என்று நினைத்தான்.

எதை வைத்து அளப்பது? ஒரு கம்பம் வேண்டும். அலுவலகத்துக் கொடிக்கம்பத்தை வைக்கலாம் என்று பார்த்தால், அசாம் மரம் என்று கான்ட்ராக்டர் சத்தியம் செய்து கொடுத்த அந்தக் கம்பத்தின் நிழல் கிழக்கே சாய்ந்து கிடந்தது. விளக்குக் கம்பங்களைப் பார்த்தார்கள். எது எந்தப் பக்கத்து இரும்பு என்று நட்டவனுக்கே தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து, "சூரியனைப் பார்த்தே நிழலைச் சரிபார்க்கலாமே" என்றார்.

அதிகாரி கேட்டார். "சூரியன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?"

"கிழக்கே, தாமுப் பக்கத்திலிருந்து."

"பாஸ் இருக்கிறதா?"

வாத்தியார் உட்கார்ந்தார்.

மனிதன்தான் கம்பமாக நிற்க வேண்டும், சந்தேகமில்லாத இந்தியனாக இருக்க வேண்டும் என்று முடிவானது. ஊரிலேயே பழைய காகிதம் உடையப்பனிடம் இருந்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் கொடுத்த அட்டை, நீல முத்திரையோடு; பிறந்த இடம் ராமநாதபுரம் ஜில்லா என்று எழுதியது. ஆறு மாதக் குழந்தையாகப் பர்மாவுக்குத் தூக்கிப் போனவர்கள் அவனை அங்கே பெறாமல் இங்கே பெற்றுவிட்டுப் போயிருந்தார்கள். போதாதா? ஆண்டாண்டாகக் கோயிலில் நிழலுக்கு நிற்கிற ஆளும் அவன்தான். கேட்டதும் ஒப்புக்கொண்டான். சோணையா தன் பக்கத்தில் வந்து நிற்பான், ஊர் பார்க்கும், அத்தோடு ஐம்பத்திரண்டு வருஷ வழக்கு முடியும்.

முந்தின நாள் சாயங்காலம் சுவரிடம் சொன்னான். "நாளைக்கு மைதானத்துக்கு யாரும் வர வேண்டாம். காய்ச்சல்னு படுத்துக்கிட்டா ஒருத்தனும் தேடி வரமாட்டான். நான் பேசி வச்சிருக்கேன்."

"வருவேன்" என்றாள் அடுப்பிடம்.

"தாமுவுல பொறந்தவ நிழல் எங்க விழும்னு சுவருக்குத் தெரியாதா? போனா அங்க சோறு போட ஆள் இருக்கா?"

"எனக்குக் காய்ச்சல் இல்ல."

அவன் சுவரை ஒரு குத்து விட்டான். அதுவும் தேக்குதான்.

மறுநாள் காலை ஒன்பது மணி. பந்து விளையாடுகிற மைதானம். ஒரு ஓரத்தில் பந்தல், அதனடியில் அதிகாரி நாற்காலியில், பக்கத்தில் குமாஸ்தா இரண்டு பட்டியல்களோடு, ஒன்றில் இந்தியர், ஒன்றில் வெளிநாட்டார். காவலர்கள் மரத்தடியில். நடு மைதானத்தில் வெயிலில் உடையப்பன் ஒற்றையாக, வெள்ளை வேட்டி, நெஞ்சு நிமிர்த்தி. ஊர் வரிசையில்.

முதலில் பூசாரி வந்தார். நிழல் ஒத்துவரவில்லை. வெளிநாட்டார். கூட்டம் சிரித்தது. அடுத்து வாத்தியார், வெளிநாட்டார். அடுத்து அரிசிக்கடைத் தம்பி, வெளிநாட்டார். அவன் அண்ணன் வந்து நின்றான், ஒத்துவந்தது, இந்தியர். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் ஏறும்போது சிரித்தவன் தன் பெயர் ஏறியதும் நியாயம் கேட்டான். கம்பம் தப்பாயிருக்கும் என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். கம்பத்தை அளக்க நமக்கு உத்தரவில்லை என்றார் அதிகாரி. பட்டியல் நீள நீள அவருக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று மேலிடத்தில் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

உடையப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. பூசாரியா? போகட்டும். அவன் காத்திருந்தது வேறு ஆளுக்கு.

சோணையா வந்தான். தயங்கித் தயங்கி வந்தான். பக்கத்தில் நின்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு நிழலும் தண்டவாளம் மாதிரி ஒன்றாக விழுந்தன.

"இந்தியர்" என்றான் குமாஸ்தா.

உடையப்பன் குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான். சோணையாவின் நிழல் கெட்டது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். எத்தனை நாள், எத்தனை பேரோடு பார்த்திருக்கிறான். இவனோடு ஒத்துப்போகிற தன் நிழலும் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆறிப்போன பூக்குழி ஞாபகம் வந்தது. விறகில் தப்பில்லை.

சோணையா கண்ணைத் திறந்து நிழலைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. பல்லிடுக்கில் சொன்னான். "டேய். பேசாம நில்லு."

"யார்றா நீ எனக்குச் சொல்ல?"

"நீ நின்னாத்தான் நான் நிப்பேன். நீ விழுந்தா ரெண்டு பேரும் ஓடைக்கு அந்தப் பக்கம். எழுபத்திரண்டு வயசுல எங்கடா போவ? நில்லு, மாலையையும் நீயே வாங்கிக்க."

ஐம்பத்திரண்டு வருஷத்தில் சோணையா விட்டுக்கொடுத்த முதல் விஷயம் அது. உடையப்பன் நின்றான். பால்காரன் வந்து இந்தியனானான், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் வெளிநாட்டாரானார்கள். கைக்குழந்தையைக் கீழே நிறுத்திப் பார்த்து எழுதினார்கள். அழுகை கேட்டது. உடையப்பன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினொரு மணிக்குள் இந்தியர் பட்டியலில் நாற்பத்தொரு பேர், மற்றதில் முந்நூற்றுச் சொச்சம்.

அப்போது ஏத்தின் வந்தாள்.

கஞ்சி போட்ட லுங்கி, தலையில் ஒரு பூ. நேராக வந்தாள், பக்கத்தில் நின்றாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. அவன் மலையை விட்டுத் தரையைப் பார்த்தான். அவள் நிழல் ஊர் ஜனங்கள் நிழல் விழுந்த அதே பக்கம் அடக்கமாக விழுந்து கிடந்தது; அவனுடையது அவளைவிட்டு விலகி, வேறு ஏதோ ஊரில் நேரமாகிவிட்டதுபோல, கிழக்கே திரும்பியிருந்தது.

"இது கேட்கவே வேண்டாம்" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "தாமுக்காரி."

குமாஸ்தா வெளிநாட்டார் பட்டியலை இழுத்தான். "பேரு?"

"ஏத்தின்" என்றாள். பிறகு தரையில் கிடந்த இரண்டு நிழலையும் காட்டி, அடுப்பும் இல்லாத இடத்தில், யாரிடமென்று இல்லாமல் சொன்னாள். "நான் அன்னைக்கே சொன்னேன்."

உடையப்பனுக்கு உச்சியில் ஏறியது. அவள் போகப்போகிறாள் என்பது ஒரு பக்கம். அங்கே அவளுக்கு ஒரு நாய்கூட இல்லை என்பது ஒரு பக்கம். ஒரே அச்சு என்று அவள் அன்றைக்குச் சொன்னது சரியாகிப்போனதுதான் தாங்கவில்லை. பந்தல் ஓரத்தில் இந்தியனாக நின்றுகொண்டிருந்த சோணையா, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அதைப் பார்த்ததும் முடிவாகிவிட்டது.

"சாகேப்" என்று கூப்பிட்டான். "நீங்க ஒரு தடவ வந்து நில்லுங்க."

"நான் எதற்கு?"

"ஊரே நின்னாச்சு. நீங்கதான் பாக்கி. உங்க நிழல் நல்ல நிழல்னு ஊரும் பாக்கட்டும்."

அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தலிலிருந்து வெயிலுக்கு வந்தார். காலையிலிருந்து முதல் முறையாக. ஏத்தினுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் நிழல் ஏத்தின் நிழலுக்கு ஒரு நூல் பிசகாமல் பக்கத்தில் விழுந்தது. உடையப்பன் நிழல் தனியாகக் கிடந்தது.

குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு, வேலையில் கவனமுள்ளவன், கேட்டான். "சாருடைய பெயரை எழுதவா?"

அதிகாரி தரையைப் பார்த்தார். பிறகு பந்தலுக்குப் போனார். பட்டியலைக் கிழிப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. கிழிக்கவில்லை. குமாஸ்தாவிடமிருந்து பேனாவை வாங்கி, இரண்டு பட்டியலின் தலைப்புகளையும் அடித்து மாற்றி எழுதினார். இந்தியர், வெளிநாட்டார். வெளிநாட்டார், இந்தியர். முந்நூற்றுச் சொச்சம் பேர் ஊரானார்கள். நாற்பத்தொரு பேர் பட்டியலின் அடியில் நாற்பத்திரண்டாவதாகக் கம்பத்தின் பெயர் ஏறியது. துறைமுகத்து அட்டையை வாங்கிப் பார்த்து, நிழல் ஒத்துவரவில்லை என்று பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

"கெடுத்துட்டியேடா பாவி" என்றான் சோணையா.

"மாலைய நீயே வச்சுக்க" என்றான் உடையப்பன்.

மூன்றரை மணிக்கு நாற்பத்திரண்டு பேரும் கேட்டுக்கு நடந்தார்கள். காலையில் அவர்கள் பெயர் நல்ல பட்டியலில் இருந்தபோது அழுதவர்கள் இப்போது வாசலில் நின்று பார்த்தார்கள். பால்காரனின் பெண்டாட்டி மட்டும் எருமையைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். நாற்பத்திரண்டு நிழல்களும் முதல் முறையாகச் சேர்ந்து, ஒரே பக்கம், ஒரே நீளத்தில் விழுந்தன.

ஓடையில் இறங்கினார்கள். கணுக்கால் தண்ணீர். அந்தக் கரையில் பர்மாச் சிப்பாய் நின்றான். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்றவனின் பேரனாக இருக்கலாம். துப்பாக்கியை நீட்டவில்லை. வருகிறவர்களின் நிழலைப் பார்த்தான், தன் நிழலைப் பார்த்தான், நேரம் சரியாக இருந்தது. வழிவிட்டான். ஒரு காலத்தில் எந்தக் கரைக்காக மலையெல்லாம் தாண்டி வந்தானோ அந்தக் கரை உடையப்பன் காலுக்குக் கீழே வந்தது. அவனுக்கு அது இப்போது வேண்டியிருக்கவில்லை.

சோணையா அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினான். ஒரு மரத்தடிக்குப் போய் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நான்தான்" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "எல்லாரும் பாத்துக்கங்க. நான்தான் முதல்ல."

ஒருவரும் மறுக்கவில்லை. மற்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்தார்கள். உடையப்பன் உட்காரவில்லை. இருட்டும் வரை நின்றான். பிறகு மரத்தில் சாய்ந்து நின்றான். உட்காருகிறவனுக்கு அந்த இடம் ஊராகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

காலையில் கேட் திறந்தது. முதல் ஆளாக ஏத்தின் வந்தாள். ரேஷன் கார்டைக் கொடுத்து, நல்ல நிழல் என்று பாஸில் முத்திரை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்குள் திரும்பிவிடுவதாகக் கைநாட்டு வைத்துவிட்டு, கையில் தூக்குவாளியோடு தான் பிறந்த நாட்டுக்குள் வெளியூர்க்காரியாக நுழைந்தாள். நாற்பத்திரண்டு நிழல் ஒரு பக்கம் விழ, அவள் நிழல் மட்டும் ஒரு மணி நேரம் பிந்தி, நீளமாக, ஓடையைப் பார்க்கப் படுத்திருந்தது. அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. நேரே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

உடையப்பன் சுற்றும் முற்றும் பார்த்தான். பேசுவதற்கு அங்கே சுவர் இல்லை.

"மணி எட்டு" என்றான் அவளைப் பார்த்து. "இதுவா வர்ற நேரம்?"

"எனக்கு ஏழுதான்" என்றாள். தூக்குவாளியைத் திறந்தாள். தரையைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.